நரம்புச் சிலந்தியை டிராகன் குட்டி ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திராவின் நகரியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. அக்கா மகளும் அவள் தோழிகளும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்சில் ஒரு கணினி விளையாட்டு செய்தார்கள். திரையில் ஒரு டிராகன் குட்டியை வளர்க்க வேண்டும், அது, குடிதண்ணீர் வழியாக உடலுக்குள் போகும் ஒரு புழுவால் வரும் நரம்புச் சிலந்தி நோயைப் பற்றிச் சொல்லித்தரும். யோசனை பொருத்தமானதுதான். அந்தப் புழுவின் அறிவியல் பெயர் டிராகுன்குலஸ். லத்தீனில் குட்டி டிராகன் என்றே பொருள். ஆனால் முதல் வடிவத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

குட்டிக்கு எட்டுக் கால். பெயரில் சிலந்தி இருக்கிறதே, அதனால். இது வலை பின்னும் சிலந்தி இல்லை. கட்டிக்கும் கொப்புளத்துக்கும் தமிழில் சிலந்தி என்று ஒரு பழைய பெயர் உண்டு. எதிர்வீட்டுத் தெலுங்கு அவ்வா இதை நாரிகுருபு என்பார், அதிலும் குருபு என்றால் கட்டிதான். கட்டி உடைந்து நரம்பு மாதிரி வெள்ளையாக வெளியே வருவது பெண் புழு. சேமியா தடிமன், நீளம் 60 முதல் 100 செ.மீ. ஆகவே கால், சிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீளமாக வரையுங்கள்.

டிராகன் என்றால் முட்டை பொரிந்துதான் வரும் என்று எல்லாரும் தொடங்குவார்கள். இந்தப் புழு முட்டை இடாது, தண்ணீரில் உயிருள்ள இளம்புழுக்களைத்தான் விடும். அவற்றை சைக்ளாப்ஸ் என்கிற, கடுகைவிடச் சிறிய நீர்வாழ் உயிரி விழுங்கும். அந்தத் தண்ணீரை மனிதர் குடித்தால் புழு உள்ளே போய்விடும். முட்டைக்குப் பதில் சைக்ளாப்ஸை வரைந்தால் போதும். கொசுவை மட்டும் வரையாதீர்கள், அது யானைக்கால் நோயின் கதை.

குட்டி உள்ளே போன மறுநாளே காய்ச்சல், வாந்தி என்று காட்டுவதும் தவறு. ஏறத்தாழ ஒரு வருடம் ஒன்றுமே தெரியாது.

அப்புறம் அந்த மாத்திரை பொத்தான். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரை நினைவில் இருப்பதால் பிள்ளைகள் அதையே வைத்துவிட்டார்கள், அழுத்தினால் டிராகன் மறைந்துவிடும். நரம்புச் சிலந்தியைக் கொல்ல மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வெளியே தலைகாட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக வெளியே எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் அறுந்தால் உள்ளே இருப்பது அழுகிக் கால் வீங்கிவிடும். அவ்வாவுக்குக் கணுக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் திகுடுபாவியில் குடித்தாராம். அக்கா மகள் மவுஸால் சரசரவென்று சுற்றியதைப் பார்த்து, “மெல்லக் கண்ணு, தெகிபோதுந்தி!” (அறுந்துவிடும்) என்று அவ்வா பதறிவிட்டார். இப்போது விளையாட்டில் வேகமாகச் சுற்றினால் புழு அறுந்துவிடும்.

ஆனால் பெரிய தவறு வேறு. செல்லப்பிராணி கேட்டதையெல்லாம் கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்பது இந்த வகை விளையாட்டின் பழக்கம். 1996இல் ஜப்பானில் டமாகோச்சி என்ற கையடக்க மின்னணுச் செல்லப்பிராணி வந்த நாளிலிருந்து அப்படித்தான். (இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளியும் 1996தான், ராஜஸ்தானில்.) இங்கே குட்டி கேட்பது தண்ணீர். கொப்புளம் தீயாக எரியும்போது காலைக் குளத்தில் வைத்தால் இதமாக இருக்கும். புழு காத்திருப்பதும் அந்த நொடிக்குத்தான். தண்ணீர் பட்டதும் லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கொட்டிவிடும். பிள்ளைகள் வைத்த “தாகம் தீர்” பொத்தான் அதைத்தான் செய்தது, கூடவே கைதட்டலும் ஒலித்தது! சரி, மாற்றினோம். டிராகன் கெஞ்சும், கண்ணீர் விடும், நீங்கள் கொடுக்கக் கூடாது. ஊர்க் கிணறு சுத்தமாக இருந்தால்தான் மதிப்பெண்.

கடைசித் திரையில் இந்திய வரைபடத்தைச் சிவப்பாக்கியிருந்தார்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இருந்த நோய்தான், ஆனால் 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்த நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவித்துவிட்டது. 1986இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2023இல் 14 பேர். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களுக்கும் வருவதால் இன்னும் முடிந்தபாடில்லை. நாயைச் சேர்க்கலாமா என்று அக்கா மகள் கேட்டாள், சேர்க்கச் சொன்னேன்.

குடிதண்ணீரிலிருந்து சைக்ளாப்ஸை வடிகட்ட குடத்தின் வாயில் கட்டும் துணியை மீன்வலை போல வரைந்திருந்ததைத் தறி ஓட்டும் பக்கத்து வீட்டு மாமாதான் கண்டுபிடித்தார். நெருக்கமான நெசவு வேண்டும், அதை இரண்டாக மடித்துக் கட்ட வேண்டும். மறுநாள் துணியைப் புரட்டிப் போட்டுக் கட்டினால் நேற்று மாட்டிய சைக்ளாப்ஸெல்லாம் குடத்துக்குள் விழும். அதற்காகத் துணியின் மேல்பக்கத்தில் ஒரு சிவப்புக் கரை வரைந்திருக்கிறார்கள்.