செம்மறி ஆட்டு முட்டை லேப்ல சரியா மெச்சூர் ஆகலையா? மீடியாவை மாத்துறதுக்கு முன்னாடி ஓவரி கொண்டு வர்ற பிளாஸ்க்கை பாருங்க

வெட்டின ஆட்டோட சினைப்பையில (ஓவரி) இருந்து முட்டைய எடுத்து, விந்து சேர்க்குற அளவுக்கு லேப்ல மெச்சூர் ஆக்குற, அதாவது பக்குவமாக்குற வேலை இது. ரிசல்ட் சரியில்லன்னா நம்ம ஆளுங்க முதல்ல கை வைக்கிறது முட்டைய வளர்க்குற திரவமான மீடியா மேலதான், எஃப்எஸ்ஹெச் (முட்டைய வளர்க்குற ஹார்மோன்) டோஸை ஏத்துவாங்க, புது சீரம் (ரத்தத்தோட தெளிஞ்ச நீர்) ஆர்டர் போடுவாங்க, ஆனா பாதி முட்டை ஆட்டுத்தொட்டில இருந்து வர்ற வழியிலயே போயிருக்கும். நானும் ஆரம்பத்துல ரெண்டு மாசம் இப்படித்தான் வீணடிச்சேன். கடைசில பார்த்தா, வெட்டுறவர் ஓவரிய எல்லாம் பாலிதீன் பைல போட்டு ஓரமா வச்சிட்டு, நான் போனப்புறம்தான் எடுத்துக் குடுத்திருக்கார், தொட்டா ஜில்லுன்னு இருக்கு.

அதனால பிளாஸ்க்கை நீங்களே கொண்டு போய் பக்கத்துல நில்லுங்க. 0.9 சதவீத செலைன், ஆன்டிபயாடிக் கலந்தது, 35 டிகிரி பக்கத்துல இருக்கணும், கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டு வழியில ஆறிடும்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல லேப்புக்கு வந்துடணும். சின்னக் குட்டியோட ஓவரியையும் பெரிய ஆட்டோட ஓவரியையும் ஒண்ணா போடாதீங்க, குட்டி முட்டை மெச்சூர் ஆன மாதிரி தெரிஞ்சாலும் அதுக்கப்புறம் கரு வளர்றது கம்மிதான்.

லேப்ல வந்து நல்லா கழுவிட்டு, 2ல இருந்து 6 மில்லிமீட்டர் ஃபாலிக்கிளா (முட்டை இருக்குற நீர்க்கொப்புளம்) பார்த்து 18 இல்ல 20 கேஜ் ஊசியால உறிஞ்சுங்க. சிரிஞ்சை வெடுக்குன்னு இழுத்தா முட்டையைச் சுத்தி இருக்குற க்யூமுலஸ் செல் உரிஞ்சு போயிடும், அது போனா ஹார்மோன் யார்கிட்ட போய் வேலை செய்யும்? பிளேடால கீறி எடுத்தா எண்ணிக்கை கூட வரும், குப்பையும் கூடவே வரும்.

பொறுக்குறப்ப மனசை கல்லாக்கிக்கணும். குறைஞ்சது மூணு அடுக்கு செல் இறுக்கமா இருக்கணும், உள்ள ஒரே சீரான நிறமா இருக்கணும், மொட்டை முட்டைய எண்ணிக்கைக்காக சேர்க்காதீங்க.

மீடியா பெரிய ரகசியம் எல்லாம் இல்ல. டிசிஎம் 199 (ரெடிமேடா கிடைக்கிற செல் வளர்ப்பு திரவம்), 10 சதவீதம் சீரம், மில்லிக்கு 5ல இருந்து 10 மைக்ரோகிராம் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் (இன்னொரு ஹார்மோன்), 1 மைக்ரோகிராம் எஸ்ட்ராடயால் (பெண் ஹார்மோன்), கொஞ்சம் பைருவேட். இதோட 100 மைக்ரோமோலார் சிஸ்டியமின் போட்டு பாருங்க, முட்டைக்குள்ள குளுட்டாதயோன்ங்கிற ஆன்டிஆக்சிடன்ட் ஏறும், அப்பதான் உள்ள போன விந்தோட தலை சரியா அவிழும். மீடியாவை சொட்டு சொட்டா (டிராப்) மினரல் ஆயிலுக்கு அடியில போட்டு, முட்டை வைக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே இன்குபேட்டர்ல வச்சிடுங்க, 38.5 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நல்ல ஈரப்பதம். 50 மைக்ரோலிட்டர் டிராப்புக்கு பத்து முட்டை போதும். நடுவுல ஆசைக்கு கதவைத் திறந்து பார்க்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க ப்ளீஸ்.

மறுநாள் 24 மணி நேரத்துல பார்த்தா, நேத்து ரவை ஒட்டின மாதிரி இறுக்கமா இருந்தது ஊறவச்ச சப்ஜா விதை மாதிரி வழவழன்னு விரிஞ்சிருக்கும், டிஷ்ஷை லேசா சாய்ச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கொத்தா நகரும். பார்க்க அழகா இருக்கும், ஆனா அதை வச்சு மெச்சூர்னு எழுதாதீங்க. ஒரு பத்து முட்டைய எடுத்து ஹைலுரானிடேஸ்ங்கிற என்சைம்ல செல்லை உரிச்சு போலார் பாடி (மெச்சூர் ஆகும்போது முட்டை வெளிய தள்ளுற குட்டி செல்) இருக்கான்னு எண்ணுங்க. போலார் பாடி வந்தாலும் நியூக்ளியஸ் தயார்னுதான் அர்த்தம், சைட்டோபிளாசம் தயாரான்னு விந்து சேர்த்த ஏழாவது எட்டாவது நாள் பிளாஸ்டோசிஸ்ட் (நல்லா வளர்ந்த ஆரம்பக் கரு) வரும்போதுதான் தெரியும், அதனால புதுசா எதைச் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கைய வச்சு கம்பேர் பண்ணுங்க.

இன்னொண்ணு, 24 மணி நேரம் ஆனப்புறம் விந்து ரெடி இல்லன்னு சும்மா வச்சிருந்தா முட்டை கிழடு தட்டிடும். நாளைக்கு காலைல 11 மணிக்கு விந்து கைல இருக்கும்னா இன்னைக்கு 11 மணிக்கு முட்டை டிராப்புக்குள்ள போயிருக்கணும், அப்படின்னா ஆட்டுத்தொட்டிக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும்.