வலதுசாரி அரசியல் பேச்சு நிகழ்ச்சி: வடசென்னையிலிருந்து நடத்துவது எப்படி?

எஃப்எம் நிலையம் எதிலாவது நேரம் வாங்கிப் பேசிவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. ஆகாஷ்வாணி செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் நிலைமை வேறு. இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி அங்கே 1987இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பா என்ற வலதுசாரி வானொலிப் பேச்சாளர் நாடு முழுக்கப் பேச ஆரம்பித்தார். அவர் நிகழ்ச்சி வார நாட்களில் மூன்று மணி நேரம் ஓடியது. நமக்கு யூடியூபும் பாட்காஸ்ட்டும்தான் வழி, மூன்று மணி நேரமும் தேவையில்லை. திருவொற்றியூரில் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்குகிறவர் காதில் மாட்டிக் கேட்கிற 25 நிமிடம் போதும்: தொடக்கப் பேச்சு எட்டு, இரண்டாவது விஷயம் ஐந்து, நேயர் அழைப்பு பத்து, மிச்சம் அறிவிப்புக்கு.

தொடக்கப் பேச்சுக்கு ஒரே விஷயம். உதாரணமாக, கோயில்களை அரசு நிர்வகிக்கக் கூடாது என்பது உங்கள் வாதம் என்று வைத்துக்கொள்வோம். 1959ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதல் ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள், அது செய்தி. அடுத்து எதிர்த்தரப்பின் வலுவான வாதம்: பரம்பரை அறங்காவலர்கள் கோயில் நிலத்தை விழுங்கினார்கள், அதனால்தான் அரசு உள்ளே வந்தது. இதை நீங்களே சொல்லிவிட்டால், அழைக்கிறவர் அதை வைத்து உங்களை மடக்க முடியாது. அதற்குப் பிறகுதான் உங்கள் கருத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் வார்த்தையிலேயே கோபம், நாலாவது நிமிடத்தில் சொல்ல எதுவும் இல்லாமல் அதே கோபம் இன்னும் சத்தமாக.

முழுப் பேச்சையும் எழுதி வைத்துப் படித்தால் மேடைத் தமிழ் வந்துவிடும். தேதி, தொகை, சட்டப் பிரிவு, முதல் வரி, கடைசி வரி இவற்றை மட்டும் அரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் இந்த நிகழ்ச்சி நிற்பதும் விழுவதும் அழைப்பு நேரத்தில்தான். இலவசங்களை எதிர்த்து எட்டு நிமிடம் பேசி முடித்ததும் காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர் கேட்பார்: "இன்னா சார், சும்மா குடுக்குறது தப்புன்றீங்க. அப்ப தடைக்காலத்துல எங்களுக்கு வர்ற துட்டும் அந்தக் கணக்குதானா?" இதற்குப் பதில் தயாராக இல்லையென்றால் எட்டு நிமிடமும் வீண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று தடுப்பது அரசு. ஒருவரின் பிழைப்பை நிறுத்திவிட்டுக் கொடுக்கும் தொகை இழப்பீடு, இலவசம் ஆகாது. இந்தக் கோட்டைத் தொடக்கப் பேச்சிலேயே போட்டுவிடுங்கள். எந்த வாதத்தையும் காசிமேட்டுக்காரர், வியாசர்பாடிக்காரர், எண்ணூர்க்காரர் கேட்டால் என்ன சொல்வார் என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மைக் முன்னால் உட்காருங்கள். மூன்றில் ஒன்றில் உதைத்தால் அந்த வாரம் அந்த விஷயம் வேண்டாம்.

அழைப்புகளை நேரலையில் எடுக்காதீர்கள். பெரிய நிலையங்களில் சில விநாடி தாமதமும், கெட்ட வார்த்தை வந்தால் வெட்ட ஒரு பொத்தானும் இருக்கும். வீட்டில் அது கிடையாது. ஒரு மணி நேரம் முன்பே பேசிப் பதிவு செய்யுங்கள். பதிவாகிறது என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மறுத்துப் பேசுகிறவரை முதலில் போடுங்கள். பாராட்ட வருகிறவருக்கு அரை நிமிடம் தாராளம்.

ஒலி. கன்டென்சர் மைக் வாங்கினால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் சேர்ந்து பதிவாகும். டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள், 'ப' காற்று அடிக்காது. ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் அது கொடுமைதான், விடியற்காலையில் பதிவு செய்துவிடுங்கள். லாரியின் உறுமலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போடுங்கள். பேசும்போது பதிவு மீட்டர் காட்டும் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். கத்தும்போது சிவப்பு எரிந்தால் அந்த உடைசலைப் பிறகு சரிசெய்ய முடியாது. பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், காப்புரிமைப் புகார் வரும்.

சட்டத்தில் இரண்டு இடம் ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொல்வது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டியிருக்கும். "கவுன்சிலர் கமிஷன் அடிக்கிறார்" என்று கையில் ஆதாரமில்லாமல் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். "இந்தக் கால்வாய் வேலையின் டெண்டர் விவரம் ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்கலாம். அழைத்தவர் சொன்ன அவதூறை நீங்கள் வெளியிட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான். அடுத்தது அதே சட்டத்தின் 196ஆம் பிரிவு: மதம், சாதி, மொழி அடிப்படையில் பகை மூட்டுவது. பண்பாடு பற்றிப் பேசும்போது சட்டத்தையும் அமைப்பையும் கொள்கையையும் விமர்சியுங்கள். ஒரு தெருவையோ ஒரு சாதியையோ மொத்தமாகச் சேர்த்துப் பேசினால் அது விமர்சனம் இல்லை.

தேர்தல் வந்தால், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். தானாக வெளியாகும்படி முன்பே நேரம் குறித்து வைத்திருந்தால் அதையும் தேடிப் பிடித்து நிறுத்துங்கள்.