மூட்டத்தில் ஒரு காட்டுமாடு: முதல் விளையாட்டுக்கு ஒலி அமைப்பது எப்படி?

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து ஒரு சிறுமி பனிமூட்டத்துக்குள் நடந்து வீடு சேர வேண்டும். வழியில் ஒரு காட்டுமாடு நிற்கிறது. நான் செய்த முதல் கணினி விளையாட்டு இவ்வளவுதான். ஒலியெல்லாம் சேர்த்து முடித்த பெருமையில் அண்ணன் மகனிடம் கொடுத்தேன். அவன் சிறுமியை நடத்தாமல் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மரங்களை வேடிக்கை பார்த்தான். இரண்டு நிமிடம் கழித்து, "அத்தை, இந்தக் குருவிக்கு இந்த ஒரு பாட்டுதான் தெரியுமா?" என்று கேட்டான்.

இருபது விநாடிப் பதிவு ஒன்றைச் சுழலவிட்டிருந்தேன். ஆறு முறை அதே குருவி, அதே இழுப்பில் கூவியிருக்கிறது. பாட்டு எவ்வளவு நேரம் என்பதை இசையமைப்பவர் முடிவு செய்கிறார்; விளையாட்டில் அந்த அதிகாரம் ஆடுகிறவர் கையில். அவர் பத்து விநாடியில் கடந்துபோகலாம், அடுப்பில் பால் வைத்த நினைவு வந்து அப்படியே போட்டுவிட்டும் போகலாம். இரண்டுக்கும் ஒலி ஈடுகொடுக்க வேண்டும். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பின்னணி இசை என்று இருந்ததே நான்கு சுரங்கள்தாம். எதிரிகள் குறையக் குறைய அவை வேகமெடுக்கும். ஆட்டத்தோடு சேர்ந்து மாறும் இசைக்கு இன்றும் முதல் உதாரணமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

தேவையான மென்பொருள்கள்: விளையாட்டை உருவாக்கக் கோடோ (4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு), ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, இசையமைக்க எல்எம்எம்எஸ். மூன்றும் இலவசம். பதிவுக்குக் கைப்பேசி போதும். விலை கொடுத்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் ஒரு பட்டியல்

என்னென்ன ஒலி வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். நான் பள்ளியில் மனப்பாடம் செய்த திணை இலக்கணத்தையே இதற்கு எடுத்துக்கொண்டேன். நிலம், பொழுது, விலங்கு, பறவை, பறை, யாழ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒலிப் பட்டியல் அதில் ஏற்கெனவே இருக்கிறது. குறிஞ்சிக்குப் பறை தொண்டகம், பொழுது யாமம். என் தாளில் விலங்கு என்ற இடத்தில் காட்டுமாடும் கருமந்தியும், பறவை என்ற இடத்தில் சீகாரப் பூங்குருவியும் வந்தன. எதையும் எழுதத் தோன்றாத கட்டம் ஒன்று இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். மௌனத்துக்கும் இடம் வேண்டும்.

பதிவு

காலை ஆறு மணிக்கு, ஜீப்புகள் கிளம்புவதற்கு முன் போங்கள். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரமே நமக்குப் போதும். பதிவுச் செயலியில் 48,000 ஹெர்ட்ஸ், வேவ் (.wav) வடிவம் என்று வையுங்கள். அளவுகோலில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கைப்பேசியின் ஒலிவாங்கி இருக்கும் முனைக்கு ஒரு கம்பளிக் காலுறையை மாட்டுங்கள். என் முதல் பதிவு முழுக்க 'பொத் பொத்' என்று காற்று அறைந்த சத்தம்தான். அதை ஆடாசிட்டியின் ஹை-பாஸ் வடிகட்டியில் (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது) 100 ஹெர்ட்ஸ் வைத்து ஓரளவு குறைக்கலாம், முழுக்கப் போகாது.

பதிவின் தொடக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஜெர்கின் உரசினால் அதுவும் பதிவாகும்.

இன்னொன்று: இந்த மலையின் பழங்குடிகளான பளியர் வீட்டு விசேஷத்தில் கேட்ட மேளம் அழகாக இருக்கிறது என்று பதிவு செய்து, கேட்காமல் விளையாட்டில் சேர்க்காதீர்கள். கேட்டுச் சேருங்கள், பெயரும் போடுங்கள்.

தையல் தெரியாத சுழற்சி

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அடையாளம் தெரியும் ஒலி எதுவும் சுழற்சிக்குள் இருக்கக் கூடாது. குருவி, நாய்க் குரைப்பு, பஸ் ஹாரன் எல்லாவற்றையும் வெட்டித் தனிக் கோப்பாக வையுங்கள். காற்று, ஓடைத் தண்ணீர் போல முகமில்லாத ஒலி மட்டும் சுழலட்டும்.

சுழலும் கோப்பின் கடைசியும் முதலும் ஒட்ட வேண்டும். நாற்பது விநாடிக் காற்றை ஆடாசிட்டியில் திறந்து, கடைசி மூன்று விநாடியை வெட்டியெடுத்து, புதிய டிராக்கில் தொடக்கத்துக்கு நேராக வையுங்கள். வெட்டி வைத்த துண்டு மெல்ல மங்க, பழைய தொடக்கம் மெல்ல எழ வேண்டும். இரண்டையும் நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால் நடுவில் ஒலி சற்று அமுங்கும். கிராஸ்ஃபேட் டிராக்ஸ் என்ற வசதியில் கான்ஸ்டன்ட் பவர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குழி விழாது. இப்போது உங்களிடம் இருப்பது 37 விநாடிக் காற்று. இதே முறையில் 64 விநாடி ஓடையிலிருந்து 61 விநாடிச் சுழற்சி கிடைக்கும்.

இந்த எண்களை வேண்டுமென்றேதான் எடுத்தேன். 37-உம் 61-உம் பகா எண்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் அதே கூட்டு மறுபடி வர 2,257 விநாடி, அதாவது 37 நிமிடம் 37 விநாடி ஆகும். அதுவரை அண்ணன் மகன் நிற்க மாட்டான்.

ஆக் (.ogg) வடிவத்தில் சேமியுங்கள். எம்பி3 வேண்டாம், அது கோப்பின் இரு முனைகளிலும் சிறு வெற்றிடத்தைச் சேர்க்கும், சுழலும்போது விக்கல் கேட்கும். கோடோவின் இம்போர்ட் பகுதியில் லூப் என்பதைத் தேர்வு செய்து, ரீஇம்போர்ட் கொடுங்கள்.

குருவிக்கு ஒரு டைமர் வையுங்கள். ஒவ்வொரு முறை கூவிய பிறகும் காத்திருக்கும் நேரம் 12 முதல் 40 விநாடிக்குள் தானாக மாறட்டும்.

காலடி

காலடிச் சத்தத்தை ஐந்து விதமாகப் பதிவு செய்து கோடோவின் ஆடியோஸ்ட்ரீம் ரேண்டமைசரில் போட்டால், அது ஒவ்வொரு அடிக்கும் ஒன்றை எடுத்து, சுருதியையும் சற்றே மாற்றித் தரும். சுருதி மாற்றத்தை மிகக் குறைவாக வையுங்கள். கூட்டினால் சிறுமி பொம்மையாகிவிடுவாள்.

ஜனவரியில் உறைபனி படிந்த புல்லில் நடக்கும் 'நறநற'வை நேரில் பதிவு செய்யப் போனால் விரல் விறைக்கும். சோள மாவைத் துணிப்பையில் கட்டிப் பிசையுங்கள், அதே சத்தம் வரும். சருகுக்கு மக்காச்சோளத் தோகை, மரம் முறிவதற்குக் காய்ந்த தைலமரப் பட்டை. காட்டுமாட்டின் குளம்புக்கு நான் ஈரத் துண்டைச் சுருட்டிச் சேற்றில் அறைந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பதிவு செய்ய வழியில்லை.

இசை

மோகனத்தில் தொடங்குங்கள். அதன் ஐந்து சுரங்களுக்குள் அரைச்சுர இடைவெளி இல்லாததால், எந்தச் சுரம் எதன்மேல் விழுந்தாலும் காதை உறுத்தாது. நிமிடத்துக்கு 80 அட்சரம், ஆதி தாளத்தில் 8 ஆவர்த்தனம் (ஒரு சுற்றுக்கு 8 அட்சரம்). 64 அட்சரம், ஒவ்வொன்றும் 0.75 விநாடி, மொத்தம் 48 விநாடி.

இதை மூன்று அடுக்காகச் செய்யுங்கள்: சுருதி, குழல், பறை. மூன்றும் இம்மி பிசகாமல் ஒரே நீளம். கடைசிச் சுரத்தின் எதிரொலி அறுந்துபோகாமல் இருக்க, எல்எம்எம்எஸில் அதே பகுதியை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து ஏற்றுமதி செய்து, இரண்டாவது 48 விநாடியை மட்டும் வெட்டியெடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் தானாகப் படிந்திருக்கும்.

மூன்றையும் கோடோவின் ஆடியோஸ்ட்ரீம் சின்க்ரனைஸ்டு என்பதில் சேருங்கள். மூன்றும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் ஏற்றி இறக்குவது ஒலியளவை மட்டுமே. தூரத்தில் சுருதி மட்டும் கேட்கும். பாதை தெளிந்தால் குழல் சேரும். காட்டுமாடு நெருங்க நெருங்கப் பறை எழும்: 900 பிக்சல் தூரத்தில் மைனஸ் 30 டெசிபெல், 200 பிக்சலில் சுழியம். 900-க்கு அப்பால் மைனஸ் 60 வைத்து அடக்கிவிடலாம். மாற்றம் இரண்டு விநாடியாவது எடுக்கட்டும். பறை திடீரென்று நுழைந்தால் பயத்துக்குப் பதில் எரிச்சல்தான் வரும்.

காட்டுமாட்டின் மூச்சை மட்டும் ஆடியோஸ்ட்ரீம் பிளேயர் 2டி-யில் வைத்து அதன் உருவத்தோடு இணையுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

மூட்டம்

மூட்டம் வந்தால் ஒலி அமுங்கும் என்றே எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் காற்றடங்கிய மூட்டத்தில் தூரத்துப் பஸ்ஸின் கியர் மாற்றம்கூடத் துல்லியமாகக் கேட்கும். நான் நடுவழி பிடித்தேன்: காற்றுக்கும் ஓடைக்கும் தனி பஸ் ஒன்றை அமைத்து (கோடோவில் ஒலித்தடத்துக்கும் பஸ் என்றே பெயர்) லோ-பாஸ் வடிகட்டியில் (உயர்ந்த ஒலிகளை வெட்டுவது) 2,000 ஹெர்ட்ஸ் வைத்தேன். மூச்சையும் காலடியையும் தொடவில்லை.

சோதனை

மலிவான கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். பறையின் அடிநாதம் அதில் காணாமல் போகும். குச்சி தோலில் படும் 'சட்' ஒலியைச் சற்றுத் தூக்கினால் பறை திரும்பி வரும். விளையாட்டை இணையத்தில் ஏற்றினால், ஆடுகிறவர் திரையைத் தொடும்வரை உலாவி ஒலியை விடாது. அதனால் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

திருத்திய பதிப்பை அண்ணன் மகனிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறையும் அதே இடத்தில் நின்றான், ஏழு நிமிடம். குருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அத்தை, பறை அடித்துக்கொண்டே இருக்கிறதே, மாடு எங்கே?" என்றான். போய்ப் பார்த்தால், மாட்டைச் சிறுமிக்கு நேர் பின்னால் நிறுத்தி, மரத்தின் படத்துக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறேன்.