பகடிவதைத் தடுப்புக் கொள்கையும் சமத்துவத் தாக்க மதிப்பீடும்: ஸ்காட்லாந்தில் சறுக்கும் இடங்கள்

பள்ளியின் பகடிவதைத் தடுப்புக் கொள்கை அச்சுக்குப் போகும் வாரத்தில்தான், அது எந்தெந்தப் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கும் சமத்துவத் தாக்க மதிப்பீட்டுப் படிவம் பலருக்கு நினைவுக்கு வருகிறது. முதல் தவறு அதுதான். ஸ்காட்லாந்தின் 2012 சமத்துவ விதிமுறைகளின்படி, உள்ளாட்சி மன்றங்கள் மதிப்பீட்டில் தெரியவந்ததைக் கொள்கை வகுக்கும்போதே கணக்கில் எடுக்க வேண்டும். முடிவை வெளியிடவும் வேண்டும். எழுதி முடித்த வாசகத்தோடு ஒட்டும் படிவம் ஒரு வரியையும் மாற்றாது.

அடுத்தது, இனம், மாற்றுத்திறன், மதம் என எல்லாக் கட்டத்திலும் 'அனைவருக்கும் ஒரே விதி, பாதிப்பில்லை' என்று நிரப்புவது. 'புகாரை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்ல வேண்டும்' என்ற விதியைப் பாருங்கள். பொதுவான விதிதான். ஆனால் பேச்சில் சிரமமுள்ள பிள்ளையும் ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளையும் எப்படிச் சொல்வார்கள்? தன்பாலீர்ப்பை வீட்டில் சொல்லாத பிள்ளை, விஷயம் பெற்றோர் காதுக்குப் போய்விடுமோ என்று வாயே திறக்காது. 'கை ஓங்கினால் இடைநீக்கம்' என்பதும் அப்படித்தான்: மாதக்கணக்கில் கேலியைத் தாங்கிய ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருநாள் திருப்பி அடித்தால், வெளியே போவது அவன்தான். படப் படிவம், எழுதிக் கொடுக்கும் வழி, வீட்டுக்கு என்ன சொல்லப்படும் என்பதை முதலில் பிள்ளையிடமே பேசுவது ஆகியவை கொள்கைக்குள் வர வேண்டும்.

2010 சமத்துவச் சட்டம் ஒரு மாணவன் இன்னொருவனைச் சீண்டுவதை நேரடியாகப் பிடிப்பதில்லை. பள்ளி அதைக் கையாளும் விதத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே சம்பவ எண்ணிக்கை மட்டும் போதாது. எத்தனை நாளில் விசாரித்தார்கள், எப்படி முடிந்தது என்பதையும் பண்புவாரியாக, அதாவது சட்டம் பாதுகாக்கும் இனம், மதம், மாற்றுத்திறன், பாலீர்ப்பு போன்றவற்றின்படி, பிரித்துப் பாருங்கள். 'இனவெறிப் புகார் பூஜ்யம்' என்றால் உடனே மகிழ வேண்டாம். 'இதர' என்ற கட்டத்தைத் திறந்து பாருங்கள். பதிவில் இன்னொரு குழப்பமும் உண்டு: தன்பாலீர்ப்பு இல்லாத பையனை அப்படிச் சொல்லிக் கேலி செய்தாலும் அது பாலீர்ப்புக் கணக்கில்தான் சேரும்.

சாதி தனிப் பண்பாகச் சட்டத்தில் இல்லை. ஆனால் 'இன மூலம்' என்பதில் அது அடங்கக்கூடும் என 2014-இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. தெற்காசியக் குடும்பங்கள் வாழும் ஊரில் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வெளியிடும்போது கவனம். சிறிய பள்ளியில் 'மதம்: 1' என்று போட்டால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். 5-க்குக் குறைந்த எண்களை மறைத்து வெளியிடுங்கள். உள்பதிவில் மட்டும் அப்படியே இருக்கட்டும்.