பாட்டிலுக்கு முன்னால் நடப்பவை: ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் கண்காணிப்பது எப்படி

எட்டு வருடம் நான் ஆய்வகத்துக்குள்ளேயே இருந்தேன். தண்ணீர் என்னிடம் பாட்டிலில்தான் வரும். ஒருநாள் வந்த பாட்டிலில் "ஆற்றுத் தண்ணீர், செவ்வாய்" என்று மட்டும் எழுதியிருந்தது. மூடியைத் திறந்தால் ஆரஞ்சுப் பழ வாசனை. அதையும் சோதித்தேன். இரண்டு தசம இடம்வரை முடிவு எழுதி, கையெழுத்துப் போட்டும் அனுப்பினேன். களப்பணிக்கு மாறிய பிறகுதான் அந்தத் தசமங்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று உறைத்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, அதற்குள் போன தண்ணீர்தான் ஆற்றுத் தண்ணீராக இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் ஆய்வகத்தைப் பற்றிக் குறைவாகவும், ஆற்றங்கரையையும் கிணற்றடியையும் பற்றி அதிகமாகவும் சொல்லப்போகிறேன்.

கிளம்புவதற்கு முன் உங்கள் கேள்வியை எழுதி வையுங்கள். "தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. குடிக்கலாமா, வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டே போகிறதா, இந்தக் கழிவுக் குழாய் ஆற்றை என்ன செய்கிறது: இந்த மூன்றுக்கும் மாதிரி எடுக்கும் இடம், நேரம், அளவிட வேண்டிய பொருள் எல்லாமே வேறு. குடிக்கத் தகுமா என்றால் முதலில் ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. அப்புறம் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி ஒரு லிட்டரில் இவை முறையே 50 மி.கி., 1.5 மி.கி., 0.01 மி.கி. என்ற அளவைத் தாண்டக் கூடாது.

நீண்ட காலப் போக்கைப் பார்ப்பதென்றால் பட்டியல் சிறியதாகவே இருக்கட்டும். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 6.3.2 என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதன் அடிப்படை நிலை ஆற்றுக்குக் கேட்பது கரைந்த ஆக்சிஜன், உப்புத்தன்மை, நைட்ரஜன், பாஸ்பரஸ், பிஎச் (அமில-காரத் தன்மை) என்ற ஐந்துதான். நிலத்தடி நீருக்கு உப்புத்தன்மை, நைட்ரேட், பிஎச் என்ற மூன்று போதும். ஒரே ஒருமுறை நாற்பது பொருளை அளந்து வைத்த அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அவற்றை யாரும் புரட்டியதில்லை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிவிட்டு "180தான், நல்ல தண்ணீர்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேனா அளப்பது மின்கடத்துத்திறனை, அதாவது கரைந்த உப்பு கூடக்கூடத் தண்ணீர் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. அதை 0.5, 0.7 என்று ஏதோ ஓர் எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. கிருமி அதன் கண்ணில் படவே படாது. லிட்டருக்கு 0.01 மி.கி. ஆர்செனிக் அந்த 180க்குள் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஆற்றுக்குப் போவோம். ஓரத்தில் தேங்கி நிற்கும் நீரை எடுக்காதீர்கள். ஓட்டம் இருக்கும் நடுப்பகுதியில், மேற்பரப்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் எடுங்கள். இறங்கி நின்றால் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, பாட்டிலை உங்களுக்கு முன்னால் நீட்டி, அதன் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடியுங்கள். காலால் கிளறிய சேறு உங்களுக்குப் பின்னால் போய்விடும். அதே காரணத்துக்காக, அடுத்தடுத்த இடங்களில் இறங்கி எடுக்கும்போது கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம், பாலத்திலிருந்து வாளியை விடுங்கள். தனியாகவும் போகாதீர்கள்.

கழிவு கலக்கும் இடத்தைச் சோதிப்பதென்றால் கலப்பதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மாதிரியாவது வேண்டும். கீழே என்றால் எவ்வளவு கீழே? கழிவுநீர் பல சமயம் வெகுதூரம்வரை கரையை ஒட்டியே ஓடும். குறுக்காக நான்கைந்து இடத்தில் மின்கடத்துத்திறனை அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே எண் வந்தால் கலந்துவிட்டது என்று பொருள். வராவிட்டால் இன்னும் கீழே நடங்கள்.

ஆற்றில் நான் செய்த பெரிய தப்பு நேரம் சம்பந்தப்பட்டது. ஒரு வருடம் முழுக்க ஒரே இடத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கரைந்த ஆக்சிஜனை அளந்தேன். வேலைத் திட்டத்துக்கு அந்த நேரம்தான் வசதி. லிட்டருக்கு 9, 10, ஒருமுறை 10.9 மி.கி. என்று வந்தது. ஆறு அமோகமாக இருக்கிறது என்று எழுதினேன். பிறகு ஒரு காலையில் மீன்கள் செத்து மிதந்தன. விடிவதற்கு முன் போய் அளந்தால் 1.8. 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தானாகப் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 8.3 மி.கி.தான். 10.9 வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவ்வளவு ஆக்சிஜனைப் பாசிகள் பகலில் உற்பத்தி செய்துகொண்டிருந்தன. இரவில் அவையும் சுவாசிக்கும், உற்பத்தி கிடையாது. ஆகவே வருடத்தில் சில முறையாவது விடியலுக்கு முன்னும் பிற்பகலிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆற்றில் சத்து அதிகம், பாசி அதிகம் என்று பொருள். எந்த நாளாக இருந்தாலும் நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் எழுதாமல் ஆக்சிஜன் அளவை மட்டும் எழுதாதீர்கள்.

நீரோட்டத்தையும் அளக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். விநாடிக்கு 1 கன மீட்டர் ஓடும் ஆற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 4 மி.கி. இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 346 கிலோ போகிறது. 5 கன மீட்டர் ஓடும்போது 2 மி.கி. இருந்தால் 864 கிலோ. செறிவு பாதியாகிவிட்டது, ஆறு சுமந்து போகும் மொத்த அளவோ இரண்டரை மடங்கு. கருவி இல்லாவிட்டால் மிதவையை விட்டு, குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஏறக்குறைய கிடைக்கும். அதைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்குங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் நீர் நிலத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வரும். முடிந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

கல்லைப் புரட்டிப் பூச்சிகளைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை ஆகியவற்றின் இளவுயிரிகள் இருந்தால் கடந்த பல வாரங்களாக அங்கே ஆக்சிஜன் குறையவில்லை என்று ஓரளவு நம்பலாம். சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் கவலைப்பட வேண்டியதுதான். ஹீமோகுளோபின் இருப்பதால் அவை குறைந்த ஆக்சிஜனிலும் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் பாட்டிலோடு வராத நாட்களிலும் இவை தண்ணீரில்தான் இருந்தன.

கிணற்றுக்கு வேறு மனநிலை வேண்டும். ஆற்றில் மணிக்கணக்கில் நடக்கும் மாற்றம் நிலத்தடியில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் நடக்கும். ஆற்றுக்கு மாதம் ஒருமுறை போனால் கிணற்றுக்கு வருடத்தில் இரண்டு முதல் நான்கு முறை போகலாம், மழைக்கு முன், மழைக்குப் பின் என்று பார்த்து. போனதும் முதல் வேலை பம்பைப் போடுவதல்ல, நீர்மட்டத்தை அளப்பது. கிணற்று விளிம்பில் ஓர் அடையாளம் வெட்டி, எப்போதும் அங்கிருந்தே அளங்கள்.

அடுத்து, குழாய்க்குள் நின்றுகொண்டிருக்கும் பழைய நீரை வெளியேற்ற வேண்டும். அது காற்றோடும் குழாயின் இரும்போடும் பழகிப்போன நீர், நிலத்தடி நீர் என்று சொல்ல முடியாது. வழக்கமான கணக்கு, குழாயில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு. 150 மி.மீ. விட்டமுள்ள ஆழ்துளைக் கிணற்றில் மீட்டருக்குச் சுமார் 17.7 லிட்டர் நிற்கும். 30 மீட்டர் நீர் இருந்தால் 530 லிட்டர், மூன்று மடங்கென்றால் ஏறக்குறைய 1,600 லிட்டர். நான் இந்தக் கணக்கை மட்டும் நம்புவதில்லை. சில நிமிட இடைவெளியில் பிஎச், மின்கடத்துத்திறன், வெப்பநிலை மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பிஎச் 0.1க்குள்ளும் மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்ற பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன். தினமும் ஓடும் கிணறென்றால் சீக்கிரமே நிலைத்துவிடும். மாதிரியைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். பம்புக்கு மிக அருகில் இருக்கும் குழாயில் எடுங்கள்.

பிஎச்சை அங்கேயே அளப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியே வந்ததும் தப்பித்துப் போக ஆரம்பிக்கும், பிஎச் ஏறும். கிணற்றடியில் 6.6 இருந்தது மேசைக்கு வந்தபோது 7.3 ஆனதைப் பார்த்திருக்கிறேன். இரும்பும் அப்படித்தான். எடுக்கும்போது பளிங்குபோல் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும். படியும் அந்த இரும்பு ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். கரைந்த உலோகங்களை அளக்க வேண்டுமென்றால் அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

பக்கத்துக் கிணறு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வங்கதேசத்தில் ஆற்று, குளத்து நீரின் கிருமிகளிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1990களில்தான் அவற்றில் ஏராளமானவற்றில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தது. சில பத்து மீட்டர் தள்ளியிருந்த கிணறுகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருந்தது. ஆழம்கூட அளவை மாற்றும்.

பாட்டில் விஷயத்தில் ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சாதாரண உப்புகளுக்கான பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டில் ஏற்கெனவே கிருமி நீக்கப்பட்டது, அதை அலசவே கூடாது. குலுக்குவதற்கு இடம் விட்டு நிரப்ப வேண்டும், மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. அமிலம் விட்டு வைத்த பாட்டிலையும் அலசாதீர்கள். பிஓடி பாட்டிலிலோ (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜனை அளக்கும் சோதனைக்கானது) ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. கிருமி மாதிரியை இருட்டில், பனிக்கட்டியோடு, உறையவிடாமல் கொண்டுபோங்கள். 6 மணி நேரத்துக்குள் சேர்த்தால் நல்லது, எப்படியும் 24 மணியைத் தாண்டக் கூடாது. பெயர்ச்சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை உருகிய பனிக்கட்டியோடு போய்விடும்.

கருவிகளைக் கிளம்பும் நாள் காலையிலேயே சரிபாருங்கள். பிஎச்சுக்கு 4, 7, 10 கரைசல்களில் உங்கள் நீர் எந்த இரண்டுக்கு நடுவில் வருமோ அந்த இரண்டு, மின்கடத்துத்திறனுக்கு 1,413 மைக்ரோசீமென்ஸ் கரைசல். பிஎச் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு நானே இரண்டைக் கெடுத்திருக்கிறேன். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

பத்து மாதிரிக்கு ஒன்றையாவது இரட்டையாக எடுத்து, வேறு எண் போட்டு அனுப்புங்கள். சுத்த நீரைக் களத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அதையும் அனுப்புங்கள். அதில் எதுவும் தென்பட்டால் அது உங்கள் கையிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ வந்தது. முடிவு வந்ததும் அலகைப் பாருங்கள். நைட்ரேட்டை சிலர் நைட்ரேட்டாகவே தருவார்கள், சிலர் அதிலுள்ள நைட்ரஜனாகத் தருவார்கள். நடுவில் 4.43 மடங்கு வித்தியாசம்: நைட்ரேட்டாக 50 என்பது நைட்ரஜனாக 11.3. முக்கிய உப்புகள் எல்லாவற்றையும் அளந்திருந்தால் நேர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டும் எதிர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டும் 5 சதவீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் ஆய்வகத்திடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் அங்கே இருந்தபோது யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் இருந்தது.

விசித்திரமான எண் வந்தால் உடனே அடித்துவிடாதீர்கள். ஒரு கிணற்றில் மூன்று வருடமாக மின்கடத்துத்திறன் 900 மைக்ரோசீமென்ஸை ஒட்டியே இருந்தது. ஒருநாள் 1,640. கருவிக் கோளாறு என்று எழுதக் கை போனது. நோட்டைப் புரட்டினேன்: காலையில் கருவி சரிபார்த்தது, நீர் நிலைக்கும்வரை காத்திருந்தது, இரட்டை மாதிரி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடுத்த வாரம் மறுபடி போனேன். 1,610, குளோரைடும் கூடியிருந்தது. நோட்டின் முதல் நெடுவரிசையில் எப்போதும் எழுதும் நீர்மட்டத்தை அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். அது 4 மீட்டர் இறங்கியிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய பம்பு ஓட ஆரம்பித்திருந்தது, அடியில் கிடந்த உப்பு நீர் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.