விண்டோஸில் பாடுகிறது, லினக்ஸில் ஊமை: சத்தத்தைத் திரும்ப எடுப்பது எப்படி?

ஹட்டன், நுவரெலியா கடைகளில் கிடைக்கும் பாவித்த லெப்டொப்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசஸர் நிறையவே உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டு, அதில் சத்தம் வராமல் திண்டாடுகிறவர்களுக்கு இது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் பெரும்பாலும் இதே வழிதான், ஆனால் பழைய மெஷினுக்கு மின்ட்தான் என் தெரிவு. இறக்க வேண்டியது ஏறக்குறைய 3 ஜிபிதான், போன் டேட்டாவுக்குத் தாங்கும்.

லினக்ஸில் கை வைக்க முன் விண்டோஸைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

விண்டோஸில் 'ஷட் டவுன்' அழுத்தினால் அது முழுதாக அணைவதில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயங்கினால் தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். சில மெஷின்களில் சவுண்ட் சிப்பும் அரைகுறை நிலையில் நின்றுவிடும், அடுத்து வரும் லினக்ஸால் அதை எழுப்ப முடியாது. சோதிப்பது எளிது: விண்டோஸிலிருந்து 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுத்து மின்ட்டுக்குள் போங்கள். சத்தம் வந்தால் கள்ளன் இவன்தான். விண்டோஸ் பார்ட்டிஷன் லினக்ஸில் வாசிக்க மட்டும் திறந்து, எழுத விடாவிட்டால் அதுவும் இதற்கு அடையாளம்.

நிறுத்த: கன்ட்ரோல் பேனல், பவர் ஒப்ஷன்ஸ், இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பு. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பெட்டி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே உள்ள 'சேன்ஜ் செட்டிங்ஸ்' வரியை முதலில் அழுத்தினால்தான் டிக்கை எடுக்க விடும். பிறகு சேவ். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் டிக் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் ஊமையாக இருந்தால் அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி (பட்டரி கழலுமென்றால் அதையும்), பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

இனி மின்ட். சொஃப்ட்வெயார் மேனேஜரில் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' தேடிப் போடுங்கள். சாதாரண சவுண்ட் செட்டிங்ஸை விட இது எவ்வளவோ மேல். ஒரு பாட்டை ஓடவிட்டு 'பிளேபேக்' தாவலைப் பாருங்கள். பட்டை ஆடினால் சத்தம் உற்பத்தியாகிறது, வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். 'கொன்ஃபிகரேஷன்' தாவலில் எச்டிஎம்ஐ தெரிவாகியிருந்தால் 'அனலொக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்' ஆக்குங்கள். டிவியில் ஒருமுறை மாட்டிய லெப்டொப்பில் இது அடிக்கடி நடக்கும்.

பட்டை ஆடியும் ஸ்பீக்கர் பேசாவிட்டால், டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) அல்சாமிக்சர் (alsamixer) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியில்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். முதலில் தெரிவது 'மாஸ்டர்' ஒன்றுதான், அங்கே எதைத் திருப்பினாலும் பயனில்லை. எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தெரிவுசெய்யுங்கள், பெரும்பாலும் 'எச்டிஏ இன்டெல்' என்றிருக்கும். 'ஸ்பீக்கர்' கம்பத்தின் அடியில் இரண்டு 'எம்' நின்றால் அது மியூட். எம் எழுத்தை அழுத்தினால் விலகும்.

மலைநாட்டு ஈரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஹெட்போன் ஜக்குக்குள் பச்சை பிடித்தால், ஒன்றும் செருகாமலே செருகியிருப்பதாக மெஷின் நினைத்து ஸ்பீக்கரை அணைத்துவிடும். மெஷினை அணைத்து, ஐசோபுரொபைல் அல்கஹோல் சிறிது தொட்ட மெல்லிய பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அவசரமென்றால் அல்சாமிக்சரில் 'ஓட்டோ மியூட்'டை டிஸேபிள் ஆக்கலாம். ஆனால் பிறகு ஹெட்போன் மாட்டினாலும் ஸ்பீக்கர் வாய் மூடாது.

பின்னர் சேர்த்தது: புதிய லெப்டொப்பில் 'டம்மி அவுட்புட்' மட்டும் தெரிந்தால் மேலே சொன்னவை உதவாது, சவுண்ட் கார்டையே லினக்ஸ் காணவில்லை. வைஃபையும் வராவிட்டால் போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டி, அப்டேட் மேனேஜரில் எல்லா அப்டேட்டையும் ஏற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் அப்படியே என்றால் அதே மேனேஜரின் 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கேர்னல்ஸ்' திறந்து புதிய கேர்னல் (வன்பொருளோடு பேசும் லினக்ஸின் உள்மையம்) ஒன்றைப் போடுங்கள். பழைய கேர்னலை அழிக்க வேண்டாம். புதியது தகராறு செய்தால் பூட் மெனுவில் பழையதைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம்.