கிரேக்கத் தீவுக்குக் கப்பலில் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்தால் போதும், ஏதென்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் தீவுக்குப் போக வேண்டும். எல்லோரும் செய்வது அதே தவறுகள்தான், நான் வந்த புதிதில் செய்த அதே தவறுகள். டிக்கெட்டை மறக்காதீர்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம்.

கப்பலும் விமானமும் ஒரே நாளில்

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எல்லோரும் போடும் கணக்கு இதுதான்: காலை ஒன்பதரைக்கு நாக்சோஸ் தீவில் கப்பல், மதியம் மூன்று மணிக்கு ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம், அங்கிருந்து மெட்ரோவில் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம், இரவு எட்டுக்கு விமானம். "நாலு மணி நேரம் கையில இருக்கே!" என்பார்கள். கப்பல் தாமதமாக வந்தால் அந்த நாலு மணி நேரம் உதவும், சரி. கிளம்பவே இல்லையென்றால்?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் ஏறியும் துருக்கிப் பக்கம் இறங்கியும் இருப்பதால் வரும் காற்று இது. நம் ஆட்களை ஏமாற்றுவது இதன் முகம்தான். புயல் என்றால் வானம் கறுக்கும், மழை கொட்டும் என்றே நாம் பழகியிருக்கிறோம். மெல்டெமி அடிக்கும்போது வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயில் சுள்ளென்று காயும். மேசை விரிப்பு மட்டும் பறந்துகொண்டிருக்கும். ஒரே நாளில் அடங்கினாலும் அடங்கும், நாலைந்து நாள் இழுத்தாலும் இழுக்கும்.

காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்தால், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றால், துறைமுக அதிகாரிகள் பொதுவாகக் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். சிறிய அதிவேகப் படகுகளுக்கு அதற்கும் முன்பே தடை வரும். 1966 டிசம்பரில் ஹெராக்லியோன் என்ற கப்பல் கிரீட்டிலிருந்து பிரேயஸ் வரும் வழியில் புயலில் மூழ்கி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000 செப்டம்பரில் எக்ஸ்பிரஸ் சமீனா என்ற கப்பல் பாரோஸ் தீவு அருகே பாறையில் மோதி 80 பேருக்கு மேல் இறந்தார்கள். மோதியதற்கு முதல் காரணம் மாலுமிகளின் அலட்சியம் என்றாலும், அன்றிரவும் பலத்த காற்றுதான். இதையெல்லாம் பார்த்த ஊரில் உங்கள் விமானத்துக்காகத் தடையைத் தளர்த்த மாட்டார்கள்.

நண்பனின் அக்கா, கணவர், இரண்டு பிள்ளைகள். லண்டன்காரர்கள், தீவுக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம் நானே போன் செய்தேன். "அக்கா, நாளைக்குக் காத்து பலமா இருக்குமாம். இன்னைக்கு சாயங்காலக் கப்பலைப் பிடிச்சு வந்துடுங்க."

"அட போ தம்பி, இங்க வெயில் கொளுத்துது. ரூமுக்கு வேற காசு கட்டியாச்சு."

விடிந்ததும் தடை. கப்பல் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்ப வந்தது. கப்பல் ரத்தானால் பணம் அல்லது வேறு பயணம் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஆனால் விமான டிக்கெட் தனியாக வாங்கியது. கப்பல் ஓடாதது விமானக் கம்பெனிக்கு என்ன கவலை? ஆகஸ்ட் மாதத்தில், கடைசி நேரத்தில், லண்டனுக்கு நாலு டிக்கெட் என்ன விலை என்று பார்த்திருக்கிறீர்களா? தீவில் செலவழித்த மொத்தத்தையும் அது தாண்டியது. ஒரு ராத்திரி அறை வாடகையைக் காப்பாற்றப் போய்!

தடை நீங்கியதும் இன்னொரு கூத்து நடக்கும். தேங்கிய கூட்டம் மொத்தமும் முதல் கப்பலுக்கு அடித்துக்கொள்ளும். அது நள்ளிரவு இரண்டு மணிக்குக் கிளம்பினாலும் கிளம்பும்.

இதற்கு வழி, பயண வரிசையைத் திருப்பிப் போடுவது. எல்லோரும் முதலில் ஏதென்ஸ், அப்புறம் தீவு, அங்கிருந்து நேரே வீடு என்று போடுகிறார்கள். முதலில் தீவுகளுக்குப் போய்விடுங்கள், ஏதென்ஸைக் கடைசிக்கு வையுங்கள். அக்ரோபோலிஸ் எங்கும் ஓடிப் போகாது. விமானத்துக்கு முன் இரண்டு இரவு, முடியாவிட்டால் ஒன்றாவது ஏதென்ஸில் தூங்குங்கள். முன்னறிவிப்பில் மழைக்குறியைத் தேடாமல் பியூஃபோர்ட் எண்ணைப் பாருங்கள். கப்பல்துறையில் "அபகோரெஃப்திகோ", அதாவது கப்பல் கிளம்பத் தடை, என்று பேச்சு காதில் விழுந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், உடனே திரும்பிப் போய் அறையை இன்னொரு நாளைக்குக் கேளுங்கள். தாமதித்தால் அதுவும் கிடைக்காது.

பிரேயஸ் என்று நினைத்து ரஃபீனாவை விடுவது

ஏதென்ஸுக்குத் துறைமுகம் ஒன்றல்ல. ஆண்ட்ரோஸ், டினோஸ், மிக்கோனோஸ் போகும் கப்பல்களில் நிறைய ரஃபீனாவிலிருந்து கிளம்பும். அது கிழக்குக் கரை, விமான நிலையத்துக்குப் பக்கம். பிரேயஸ் நகரத்தின் மறுபக்கம். டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிரேயஸில் வந்து நின்று, அங்கிருந்து டாக்ஸியில் அழுதுகொண்டே போனவர்கள் உண்டு.

கேட் எண்

பிரேயஸ் ஒரு ஊர் அளவுக்குப் பெரிது. மெட்ரோவில் இறங்கினால் ஈ6, ஈ7 கேட்கள் எதிரிலேயே இருக்கும், ஈ1 மறுகோடியில். பெட்டியை இழுத்துக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் நடக்கிற தூரம் அல்ல அது.

வேகமான கப்பல்தான் நல்லது என்ற நினைப்பு

சாண்டோரினிக்குப் பெரிய கப்பலில் ஏழெட்டு மணி நேரம், அதிவேகப் படகில் ஐந்து மணி நேரம். ஆனால் படகில் கட்டணம் அதிகம், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து நடக்க அவ்வளவாக இடமில்லை, வெளித்தளம் பெரும்பாலும் இல்லை. காற்றடித்தால் முதலில் ரத்தாவதும் அதுதான். பெரிய கப்பலின் திறந்த தளத்தில் காபி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பாதிப் பயணமே அங்கேதான் இருக்கிறது, என்னைக் கேட்டால்.

இறங்க எழுந்திருக்காமல் இருப்பது

சின்னத் தீவுகளில் கப்பல் சில நிமிடங்கள்தான் நிற்கும். பின்கதவு இறங்கும், ஆட்களும் லாரிகளும் ஒன்றாக வெளியேறும், கதவு ஏறும், அவ்வளவுதான். பெட்டிகள் கீழே வண்டி நிறுத்தும் தளத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்கில் இருக்கும். நாக்சோஸ் அடுக்கில் வைக்க வேண்டியதைப் பாரோஸ் அடுக்கில் வைத்தால், பெட்டி உங்களுக்கு முன்பே இறங்கிவிடலாம். அறிவிப்பு வந்தவுடன் கீழே போய்விடுங்கள். கரை தெரியட்டும் என்று மேலே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த தீவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மே 1

வேலைநிறுத்தம். கப்பல் டிக்கெட் வாங்க வேண்டாம்.

ஆகஸ்ட் 15

மாதாவின் திருநாள். பாதிக் கிரேக்கம் தீவுக்குப் போகும், டினோஸுக்கு யாத்திரிகர் கூட்டம் தனி. முன்கூட்டியே வாங்குங்கள், இல்லை அந்த வாரத்தையே விடுங்கள்.

வாந்தி மாத்திரை

கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. துறைமுகத்தில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள், தூக்கம் வரும், அதுவும் நல்லதுதான்.